மகர இசைவு

எஸ்தாக்கிக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தபோது அவனுடைய கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. சவரம் செய்தவை வேறு கைகள். சாம்பல் நிறம், விரல் நுனிகளில் ரப்பர். ஒன்று தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தது. மற்றது காதோரத்திலிருந்து கத்தியை இறக்கிக்கொண்டு வந்தது. கழுத்துக்குக் கீழே எஸ்தாக்கிக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது. தெரிய வேண்டியதைப் புறவுடல் காதில் சொல்லிவிடும்.

புறவுடல் என்பது ஆளுக்கு மேல் போட்டுக்கொள்ளும் இன்னொரு ஆள். முதுகோடு ஒரு தண்டு, கால்களை உள்ளே வைத்துப் பூட்டும் இரண்டு கூடுகள், தோளிலிருந்து தனியாகப் புறப்படும் இரண்டு கைகள். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்குள் தூண்கள் நட்டுக் கட்டிய முத்துமேடை நகரத்தில் பலரிடம் அது இருந்தது. மேடையின் அடியில் இரும்பைப் பற்றவைக்கும் வேலை செய்தவர்களில் ஒவ்வொரு வருடமும் சிலர் முறிந்துபோய் மேலே வந்தார்கள். எஸ்தாக்கி முப்பத்திரண்டு வயதில் வந்தான். இரும்பு வடம் ஒன்று அறுந்து பிடரியில் விழுந்திருந்தது.

அதன்பிறகு இரண்டு வருடம் கட்டிலில் கிடந்து உத்தரத்தைப் பார்த்தான். மனைவி ரெக்ஸி வேலைக்கு முன்னும் பின்னும் அவனைப் புரட்டிப் போட்டாள். புறவுடல் வந்த அன்று தனியாக இறங்கிக் கடைக்குப் போய் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்தான். கூட யாரும் வரவில்லை. மூக்கு அரித்தபோது யாரையும் கூப்பிடாமல் சொறிந்துகொண்டான். அதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுக்க அழுதான். இப்போது நன்னீர் ஆலையில் குழாய்களைத் தட்டிப் பார்க்கும் வேலை செய்கிறான். சம்பளம் உண்டு. உடன் வேலை செய்கிறவர்கள் அவனிடம் சண்டைகூடப் போட்டார்கள்.

புறவுடல் எதையும் கேட்காமல் செய்யாது. அதுதான் சட்டம். ஒவ்வொரு புதிய காரியத்துக்கும் அணிந்தவரின் இசைவு வேண்டும். மூச்சு வலுவில்லாதவர்கள், நாக்கு புரளாதவர்கள் எல்லோரும் அணிவது என்பதால், இருப்பதிலேயே சின்ன ஒலியை இசைவுக்கு வைத்திருந்தார்கள். ம் என்றால் சரி. ம்ஹும் என்றால் வேண்டாம். சட்டப் புத்தகத்தில் அதற்குப் பெயர் மகர இசைவு. வசதியாக இருக்கவே மேடையின் அலுவலகங்களும் அதையே எடுத்துக்கொண்டன. கையெழுத்து ஒழிந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

"வியாழன் காலை சுமைக்குறைப்பு நடைபெறும்," என்றது புறவுடல். வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழ்.

"ம்," என்றான் எஸ்தாக்கி.

"முந்தைய இரவு திட உணவு தவிர்க்கப்பட வேண்டும்."

"ம்."

கத்தி மேலுதட்டுக்கு வந்தது. உதட்டை இழுத்துப் பிடித்திருந்ததால் அடுத்த ம் வரவில்லை. அதனால்தான் அடுத்த வாக்கியம் அவன் காதில் முழுசாக விழுந்தது.

"தொடையின் நடுப்பகுதியிலிருந்து இரு கால்களும் நீக்கப்படும். கைகள் அடுத்த கட்டத்தில்."

கத்தி உதட்டை விட்டு நகர்ந்ததும், என்ன சொன்னாய் என்று கேட்டான். அதே குரலில், ஒரு எழுத்து மாறாமல், மறுபடி சொன்னது. சுமைக்குறைப்பு என்ற சொல்லை அவன் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆலையில் வேலைப்பளுவைக் குறைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தான்.

"எவன் சொன்னான் எடுக்கச் சொல்லி?"

"தாங்கள்."

அது பதிவை ஒலிக்கவிட்டது. அந்தி நேரத்தில் மேடையின் விளிம்போரம் நடந்தபோது பேசியது. பின்னால் அலைச் சத்தம். தங்கள் சொந்தக் கால்கள் எனக்குச் சுமை, அவை உள்ளே இருப்பதால் தங்களுக்குப் புண் வருகிறது, ரத்தம் கட்டுகிறது, நீக்கினால் நம் வேகம் கூடும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவனுடைய குரலில் ஒரு ம். ஆசையாகக் கதை கேட்கிற மனிதனின் ம்.

அந்தக் கரையில் ஒருவர் பேசும்போது மற்றவர் ம் கொட்டவில்லையென்றால், பேசுகிறவர் பாதியில் நிறுத்தி, தூங்கிட்டியா என்று கேட்பார். கேட்கப்படுகிறது என்று காட்டுவதற்கு அது ஒன்றுதான் வழி. புறவுடல் ஒருநாளும் நிறுத்திக் கேட்டதில்லை. ஆனாலும் எஸ்தாக்கி கொட்டினான். தன்னைச் சுமந்து நடக்கிற ஒன்று தன்னிடம் பேசும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

"அது ம் கொட்டினது, மக்கா. சம்மதம் இல்ல."

"இரண்டுக்கும் வேறுபாடு என்ன?"

எஸ்தாக்கி விளக்க ஆரம்பித்தான். பாதியில் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. அது பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டது.

ரெக்ஸி கடற்பாசிப் பாத்திகளில் அறுப்பு வேலை செய்கிறவள். விடியுமுன் போய் உச்சிப் பொழுதுக்குத் திரும்புவாள். புறப்படும் அவசரத்தில் இருந்தவள் விஷயத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேசுகிற மிஷினுக்கு எவனாவது ம் கொட்டுவானா என்று திட்டினாள். பிறகு எழுந்து வந்து, கால்கூட்டின் மூடியைத் திறந்து, அவன் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளுத்து மெலிந்த பாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு நகம் வெட்டிவிடுவது அவள்தான். புறவுடலிடம் விட்டது கிடையாது. அவனுக்கு அந்தத் தொடுகை தெரியாது. ஆனால் அவள் குனிந்து வெட்டும்போது அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

இசைவைத் திரும்பப் பெற முடியாதா என்று அவள் புறவுடலிடம் கேட்டாள். அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த இசைவை அணிந்தவரே மாற்ற முடியாது, கடைசி நேரப் பயத்தில் பலர் மாற்றிக் கெட்டுப்போனதால் வந்த விதி என்று அது சொன்னது. செவிமன்றத்துக்குப் போகலாம். ஒரு மனிதர் நேரில் கேட்டு இசைந்தால் மாற்றம் நடக்கும். இயந்திரங்களே எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது என்று மக்கள் போராடி வாங்கிய சட்டம் அது. கொடுத்த இசைவில் வரும் எந்த மாற்றத்தையும் ஒரு மனிதச் செவி கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களைச் செவியர் என்றார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. புறவுடலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடக்கலாம். இருவருக்கும் அது தோன்றியது. ரெக்ஸி கால்கூட்டின் மூடியைச் சாத்திப் பூட்டினாள்.

ரெக்ஸிக்கு விடுப்புக் கிடையாது. அறுப்புக் காலம்.

"வாயத் தொறந்து எல்லாத்தையும் சொல்லுங்க," என்றாள். "நாலு வார்த்தையில முடிச்சிட்டு வந்துராதிய. கோவம் வந்தா கோவப்படுங்க. அப்பதான் ஒரைக்கும்."

புறவுடல்தான் அவனைச் செவிமன்றத்துக்கு நடத்திக்கொண்டு போனது. தனக்கு எதிராகப் பேசப் போகிறவனை அது படிகளில் மெதுவாக இறக்கியது, வெயில் விழாத பக்கமாக நடந்தது. வழியில் எதையாவது சொல்லிக்கொண்டே வந்தது. எஸ்தாக்கி வாயைப் பாதி திறந்தே வைத்திருந்தான். உதடு ஒட்டினால் ம் வந்துவிடும் என்று பயம்.

"என்ன அண்ணாச்சி, ஈ புடிக்கியளா?" என்றான் சோடாக் கடைக்காரன்.

எஸ்தாக்கி வாயை மூடாமலே கடந்து போனான். தெருவில் எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் இமைத்திரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணிமையின் உட்புறத்தில் படம் ஓடும். பார்க்கிறவர்கள் பாதி மூடிய கண்ணோடு தமக்குள் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் யார்மீதும் மோதுவதில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேறு கருவி இருந்தது.

செவியரின் பெயர் சங்கரவடிவு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கனிவான முகம். அறைக்குள் இமைத்திரைக்கு அனுமதி இல்லை, கடிகாரம்கூட இல்லை. கேட்பவரின் கவனம் சிதறக் கூடாது என்று சுவரை வெறுமையாக விட்டிருந்தார்கள். புறவுடலை வெளியே நிறுத்தினால் எஸ்தாக்கியும் வெளியே நிற்க வேண்டும் என்பதால் அதை மட்டும் உள்ளே விட்டார்கள். பதிவு செய்யும் வேலையையும் அதனிடமே கொடுத்தார்கள்.

"சொல்லுங்க தம்பி. நிதானமா சொல்லுங்க. நான் கேக்கத்தான் இருக்கேன்," என்றாள் செவியர்.

எஸ்தாக்கி சொன்னான். வடம் அறுந்ததிலிருந்து சொன்னான். ம், என்றாள் அவள். கட்டிலில் கிடந்ததைச் சொன்னான். ம். புறவுடல் வந்ததைச் சொன்னான், அதன்மேல் தனக்குக் கோபம் இல்லை என்றும் சொன்னான். ம். அவளுடைய ம் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் விழுந்தது. சோகமான இடத்தில் தாழ்ந்தும் ஆச்சரியமான இடத்தில் கொஞ்சம் நீண்டும் விழுந்தது. பல வருடப் பழக்கம். அவள் வீட்டுக் குளியலறையின் மேல்தளத்திலிருந்து மூன்று நாளாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரன் தன் குழாய் இல்லை என்கிறான். அவள் அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு நேரம் தன்னை யாரும் கேட்டதில்லை என்று எஸ்தாக்கிக்குத் தோன்றியது.

"இந்தக் காலு நடக்கதுக்கு இல்லம்மா. எனக்குத் தெரியும். ஆனா ஞாயித்துக்கெழம எம்பொண்டாட்டி இதுக்கு நகம் வெட்டுவா. அது இல்லன்னா அவ எதப் புடிச்சிக்கிட்டு ஒக்காருவா? காலு எங்கிட்டயே இருக்கட்டும். எடுக்காதிய."

"ம்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரெக்ஸி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கோபமும் வந்துவிட்டிருந்தது.

"கால எடுப்பானேன், கைய எடுப்பானேன்? நாந்தான சொமை? ஆளையே எடுத்திருங்க. வியாழன் வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே எடுங்க. என்னய ஒரு கட்டில்ல தூக்கிப் போட்டுட்டு இந்த மிஷின் மட்டும் வீட்டுக்குப் போகட்டும். நல்லா சவரம் பண்ணுது, கடைக்குப் போகுது, எதுத்துப் பேசுகதில்ல. எம்பொண்டாட்டிக்கு அது போதும்லா."

"ம்," என்றாள் செவியர், இரக்கத்தோடு.

அவன் மூச்சு வாங்கினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. எல்லாம் பதிவாகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றது புறவுடல். கவலைப்படாமல் போங்கள், நல்லபடியாக முடியும் என்று சொல்லி எழுந்து நின்று அனுப்பிவைத்தாள்.

வெளியே வந்ததும் எஸ்தாக்கி பல நாளைக்குப் பிறகு சிரித்தான். வாசலுக்கு வலப்பக்கம் போக வேண்டும். புறவுடல் இடப்பக்கம் திரும்பியது.

"மக்கா, வீடு அந்தப் பக்கம்லா."

"ஆம். தங்கள் கோரிக்கைகள் இரண்டும் ஏற்கப்பட்டன. கால் நீக்கம் ரத்து. ஆள் நீக்கம் உறுதி. இன்றே செய்யும்படி தாங்கள் கேட்டிருப்பதால், புறவுடல் இல்லாதவர்களைக் கிடத்தும் ஓய்வுக்கூடத்துக்குச் செல்கிறோம்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அது பதிவை ஒலிக்கவிட்டது. ஆளையே எடுத்திருங்க. பின்னால் செவியரின் ம். மனிதச் செவி கேட்டு, மனித வாய் இசைந்தது. சட்டம் கேட்டது அவ்வளவுதான்.

"அது கோவத்துல சொன்னது."

"கோபம் பதிவாகியுள்ளது."

எஸ்தாக்கி ம்ஹும் என்றான். ம்ஹும், ம்ஹும் என்று நடை முழுவதும் சொல்லிக்கொண்டே போனான். மறுப்பு குறித்துக்கொள்ளப்பட்டதாக அது சொன்னது. ஆனால் ஆள் நீக்கம் தொடங்கிவிட்டால் அணிந்தவர் இனி அணிந்தவர் இல்லை, நோயாளி. நோயாளியின் மறுப்பை நெருங்கிய உறவினர்தான் தெரிவிக்க வேண்டும். அதைத் தானே நேரில் போய்க் கேட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தது. எதிரே வந்த ஒருவரிடம் எஸ்தாக்கி, அண்ணாச்சி, இத நிப்பாட்டச் சொல்லுங்க என்றான். அவர் பாதி மூடிய கண்ணோடு, ம் என்று தலையாட்டிவிட்டுக் கடந்து போனார்.

ஓய்வுக்கூடத்தில் காற்று குளிர்ந்திருந்தது. வரிசையாகக் கட்டில்கள். புறவுடல் தன் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சாம்பல் கைகளால் அவனைத் தூக்கிப் படுக்க வைத்தது. முதுகில் மடிப்பு விழாமல் விரிப்பை இழுத்து நேராக்கியது. கால்களைச் சேர்த்து வைத்துப் போர்த்தியது. அவன் கால்கள் பத்திரமாக இருந்தன. அவன் பேரம் பேசினான், கெஞ்சினான், கெட்ட வார்த்தை சொன்னான். அது எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டது. அவன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டது அன்று முழுக்க அது ஒன்றுதான்.

"போகிறேன்," என்றது. அந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை.

உத்தரம் வெள்ளையாக இருந்தது. எஸ்தாக்கிக்கு ரெக்ஸியின்மேல் நம்பிக்கை இருந்தது. கேட்பது வேறு யாரையும் இல்லையே, அவளைத்தானே. அவள் கேட்டவுடன் கத்துவாள், ஓடி வருவாள். வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தான்.

புறவுடல் வீட்டுக்குப் போனபோது ரெக்ஸி வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து மனது அடித்துக்கொண்டே இருந்ததால் கொஞ்ச நேரம் எதையாவது பார்க்கலாம் என்று இமைத்திரையில் தொடரைப் போட்டிருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த நடை தெரிந்த நடைதான்.

"வந்துட்டியளா? செவியர் கேட்டாவளா?"

"ம்," என்றது புறவுடல். அதற்கும் ம் சொல்லத் தெரியும்.

"காலு?"

"கால் நீக்கம் ரத்து செய்யப்பட்டது."

மாதாவே என்றாள். அவன் களைத்திருப்பான், அதனால்தான் மிஷினைப் பேச விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. தொடரில் நாயகி விஷம் கலந்த பாலைக் கையில் எடுத்திருந்தாள்.

புறவுடல் கட்டிலருகே வந்து நின்றது. அதன் நடுவில், ஆள் இருக்க வேண்டிய இடத்தில், அவிழ்ந்த வார்கள் தொங்கின. அது தெளிவாக, அவசரமில்லாமல், விதியில் உள்ளபடி ஒரு சொல்லையும் விடாமல் சொன்னது.

"திரு. எஸ்தாக்கி என்னிடமிருந்து நீக்கப்பட்டு ஓய்வுக்கூடத்தில் சேர்க்கப்பட்டுள்ளார். இனி நான் மட்டும் இவ்வீட்டில் இருப்பேன். தங்களுக்கு மறுப்பு இருந்தால் அவர் இன்றே என்னுடன் மீண்டும் பொருத்தப்படுவார். மறுப்பு உண்டு என்பதற்கு ம் என்று சொன்னால் போதும்."

ரெக்ஸியின் காதில் குரல் விழுந்தது. தினமும் சாயங்காலம் விழுகிற அதே வானொலிக் குரல். தொடரில் பால் உதட்டுக்குப் போய்விட்டது. அவள் கண்ணைத் திறக்காமல், சிரித்தபடி, ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"கொஞ்சம் இருங்க."

உறவினர் தன்னை இருக்கச் சொன்னதாகப் புறவுடல் குறித்துக்கொண்டது.

அது இருந்தது.